ழான் மார்த்தேன் ஷார்கோ: பார்க்கின்சன் நோயின் தசை இறுக்கத்தை அறியச் செய்த மருத்துவர்

பார்க்கின்சன் நோய் என்றவுடன் நடுங்கும் கையே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. தமிழில் வழங்கும் நடுக்குவாதம் என்ற பெயரும் அதையே சுட்டுகிறது. ஆனால் விழிதியூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இந்நோயுடன் வாழ்பவர்களிடம், எது உங்களை மிகவும் துன்புறுத்துகிறது என்று கேட்டால், நடுக்கத்தை முதலில் சொல்பவர் சிலரே. நள்ளிரவில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்வது, விடியற்காலையில் பாதம் உட்பக்கமாகத் திரும்பி விரல்கள் மடங்கி நிற்பது, தோளும் கழுத்தும் கட்டை போல இறுகுவது, படுக்கையில் புரள முடியாமல் விழித்துக் கிடப்பது ஆகியவற்றையே அவர்கள் சொல்கின்றனர். வீட்டில் உள்ளவர்கள் இதனை முதுமை என்றும், வாயு என்றும், சில வேளைகளில் பிடிவாதம் என்றும் எண்ணிவிடுகின்றனர்.

தசை இறுக்கம் இந்நோயின் ஒரு கூறே என்பதை மருத்துவ உலகிற்குத் தெளிவாக எடுத்துக்காட்டியவர், 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் பணியாற்றிய ழான் மார்த்தேன் ஷார்கோ. அவர் வாழ்ந்த காலம் முழுவதும் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. இன்றும் பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் குடும்பங்கள் உள்ள இம்மாவட்டத்தில், அந்நாட்டு மருத்துவர் ஒருவரின் வாழ்க்கையை அறிந்துகொள்வது பொருத்தமே. அவர் கண்டறிந்தவற்றுள் சில, இன்றிரவு உங்கள் வீட்டில் வரக்கூடிய தசைப்பிடிப்பைத் தணிக்கவும் உதவும்.

வண்டி செய்பவரின் மகன்

ஷார்கோ 1825 நவம்பர் 29 அன்று பாரிசில் பிறந்தார். தந்தை குதிரை வண்டிகள் செய்யும் தொழிலாளர். வசதி மிகுந்த குடும்பம் அன்று. சிறு வயதிலிருந்தே ஓவியம் வரைவதில் அவருக்கு ஆர்வம் இருந்தது. மருத்துவரான பின்னும் நோயாளிகள் நிற்கும் நிலையையும் அவர்களது கை விரல்களின் வளைவையும் வரைந்து வைக்கும் பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை. நோயறிவதில் அவருக்கு இருந்த திறனுக்கு இந்தக் கண் பயிற்சி ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

1853இல் அவர் அளித்த ஆய்வேடு மூட்டு நோய்களைப் பற்றியது. ஒன்றெனக் கருதப்பட்டு வந்த இரு மூட்டு நோய்களை அதில் அவர் பிரித்துக் காட்டினார். ஒத்த தோற்றமுடைய நோய்களைப் பொறுமையாகப் பிரித்தறிவது அவருடைய வாழ்நாள் பணியாயிற்று.

1862இல் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் அவர் பொறுப்பேற்றார். முற்காலத்தில் வெடிமருந்து செய்யப்பட்ட இடம் அது. பின்னர் ஆதரவற்ற பெண்களின் காப்பகமாக மாறியது. முதியோர், நடக்க இயலாதோர், மனநலம் குன்றியோர் என ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். முன்னேற விரும்பிய மருத்துவர்கள் பலர் தவிர்க்க நினைத்த இடம். ஷார்கோவும் அவருடைய நண்பர் வுல்ப்பியானும் அங்கிருந்தோரை ஒவ்வொருவராகச் சோதித்துக் குறிப்பெடுத்தனர். ஒரே நோயாளியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. மெதுவாக வளரும் ஒரு நோயை வேறு எவ்வாறும் முழுமையாக அறிய முடியாது.

கையால் தொட்டு உணர்ந்தது

இந்நோயை முதலில் தெளிவாக எழுதியவர் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். 1817இல் அவர் வெளியிட்ட சிறு நூல் ஆறு பேரைப் பற்றியது. அவர்களுள் சிலரை அவர் தெருவில் கண்டு கவனித்ததோடு சரி. ஆகவே நடுக்கத்தையும், முன்சாய்ந்த உடலையும், விரைந்து ஓடுவது போன்ற நடையையும் கண்ணால் கண்டு எழுதிய அவர், தசையின் இறுக்கத்தைத் தனியாகக் குறிப்பிடவில்லை. தெருவில் நடந்து செல்பவரின் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்க்க இயலாதல்லவா?

ஷார்கோவுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. நோயாளியின் கை கால்களைத் தம் கையால் அசைத்துப் பார்த்தபோது, தசைகள் தளராமல் எதிர்ப்பதை அவர் உணர்ந்தார். இயக்கம் மந்தமாவது வேறு, இறுக்கம் வேறு என்றும் பிரித்தார். நடுக்கமே இல்லாமலும் இந்நோய் வரக்கூடும் என்று காட்டினார். அதுவரை இந்நோய்க்கு வழங்கிய பெயர் பக்கவாதத்தின் ஒரு வகை போலத் தோன்றச் செய்தது. நோயாளிகளின் தசை வலிமை அவ்வாறு குன்றிவிடவில்லை என்பதால், அப்பெயரை மறுத்துப் பார்க்கின்சன் நோய் எனப் பெயர் சூட்டினார். தம் பெயரை வைக்காமல், அந்நாளில் பெரிதும் மறக்கப்பட்டிருந்த ஒருவரின் பெயரை வைத்தது அவருடைய நேர்மை.

நடுக்கங்களைப் பிரித்துக் காட்ட அவர் கையாண்ட முறை மாணவர்களிடையே புகழ்பெற்றது. நோயாளிப் பெண்களுக்கு நீண்ட இறகுகள் செருகிய தொப்பிகளை அணிவித்து, இறகுகள் ஆடும் விதத்தைக் கொண்டு நோயின் வகையை அரங்கில் விளக்கினார். பயன் இருந்தது, ஆயினும் நோயாளியைக் காட்சிப்பொருளாக்கிய அம்முறையை இன்று நாம் ஏற்கமாட்டோம். ஹிஸ்டீரியா பற்றிய அவருடைய பிற்காலப் பணியிலும், ஹிப்னாடிச விளக்கங்களிலும் இக்குறை மேலும் வெளிப்பட்டது. அக்கருத்துகளுள் பல பின்னர் கைவிடப்பட்டன.

நோயாளிகள் இரவில் படும் பாட்டையும் அவர் பதிவு செய்தார். படுத்த சிறிது நேரத்திற்குள் உடலை வேறு நிலைக்கு மாற்ற வேண்டும் என்ற தவிப்பு எழுவதையும், தாமே புரள இயலாமல் பிறரை மீண்டும் மீண்டும் அழைப்பதையும், உடல் எரிவது போன்ற வெப்ப உணர்வையும் அவர் நோயின் அறிகுறிகளாகவே எழுதினார். தந்தையோ தாயோ இரவில் நான்கு முறை எழுப்புவதால் சலிப்படையும் மகனும் மகளும் இதனை அறிந்திருத்தல் வேண்டும். 150 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மருத்துவர் அதைப் பிடிவாதம் என்று கருதவில்லை.

ஆடும் நாற்காலி

இரயிலிலோ குதிரை வண்டியிலோ நீண்ட தொலைவு பயணம் செய்து வந்த பார்க்கின்சன் நோயாளிகள் சிலர், பயணத்தின்போதும் அதன் பின்னும் உடல் இலகுவாக இருந்ததாக ஷார்கோவிடம் தெரிவித்தனர். மற்றவர்களுக்கு அலுப்பைத் தரும் குலுக்கல் இவர்களுக்கு ஆறுதல் தந்தது. வண்டி செய்பவரின் மகன் இச்செய்தியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. இரயிலின் அதிர்வைப் போலவே அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்வித்து, நோயாளிகளை அதில் நாள்தோறும் சிறிது நேரம் அமரச் செய்தார். வலியும் இறுக்கமும் குறைந்து உறக்கம் வந்ததாகப் பலர் கூறினர். நடுக்கத்தில் அத்தகைய மாற்றம் இல்லை. இவ்விவரங்கள் 1892இல் வெளியாயின.

மறு ஆண்டு, 1893 ஆகஸ்ட் 16 அன்று, மோர்வான் மலைப்பகுதிக்குச் சுற்றுலா சென்றிருந்தபோது, இதய நோயால் ஷார்கோ காலமானார். அப்போது அவருக்கு வயது 67. நாற்காலி ஆய்வு அத்துடன் நின்றது.

2012இல் அமெரிக்க மருத்துவர்கள் இதனை மீண்டும் சோதித்தனர். ஒரு குழுவினர் அதிரும் நாற்காலியிலும், மற்றொரு குழுவினர் அதிராத நாற்காலியில் இதமான ஒலியைக் கேட்டவாறும் அமர்ந்தனர். இரு குழுவினருமே தேறினர். அதிர்வினால் தனியான மேன்மை எதுவும் காணப்படவில்லை. எனவே அதிர்வு தரும் நாற்காலிகளையும் கருவிகளையும் பெரும் பொருட்செலவில் வாங்க வேண்டியதில்லை. அதே வேளை, அமைதியான ஓய்வும் ஒழுங்கான நேரமும் இறுக்கத்தைத் தணிக்கக்கூடும் என்ற செய்தியை அச்சோதனையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஷார்கோ காலத்து முறைகள் எல்லாம் இத்தனை தீங்கற்றவை அல்ல. நரம்பு நோயாளிகளின் கழுத்திலும் அக்குளிலும் வார் கட்டித் தொங்கவிட்டு உடலை நீட்டும் முறை அவருடைய துறையிலும் சில காலம் கையாளப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. இறுகிய உடலை வலிந்து இழுத்தால் சரியாகும் என்ற எண்ணம் மட்டும் இன்னும் போகவில்லை. எங்கள் பகுதியிலும் மடங்கிய விரல்களைப் பலம் கொண்டு நிமிர்த்துவதையும், இருவர் பிடித்து முதுகை வளைப்பதையும் கண்டிருக்கிறேன். முதியோரின் எலும்பு மெலிந்திருக்கும், முறிந்துவிடும். அவ்வாறு செய்யாதீர்கள்.

அவருக்குப் பின் வந்த மருந்து

ஷார்கோவிடம் இருந்த முதன்மையான மருந்து, பெல்லடோனா வகைச் செடிகளிலிருந்து எடுக்கப்பட்ட ஹயோசயமின். இன்று சில நோயாளிகளுக்குத் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் மாத்திரை ஏறக்குறைய அதே வழியில் செயல்படுவது. இது நடுக்கத்தைக் குறைக்கும். ஆனால் முதியோருக்குக் குழப்பம், மறதி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றை உண்டாக்கலாம். பழைய சீட்டைக் காட்டி இதனைத் தொடர்ந்து வாங்கி உட்கொள்ளக் கூடாது.

மூளையில் டோபமின் குறைவதே இந்நோயின் அடிப்படை என்பது 1960இல் வியன்னாவில் கண்டறியப்பட்டது. அதனை ஈடுசெய்யும் லெவோடோபா 1960களின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. இதில் நம் நாட்டின் பங்கும் ஒன்று உண்டு. லெவோடோபா சிகிச்சை தோன்றுவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1937இல், சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர்களான தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். இதனைக் கேள்வியுற்றுச் சிலர் பூனைக்காலிப் பொடியை மாத்திரையுடன் சேர்த்து உட்கொள்கின்றனர். பொடியில் மருந்தின் அளவு எவ்வளவு என்பது ஒவ்வொரு முறையும் மாறும். மாத்திரையுடன் சேரும்போது அளவு மிகுந்து, குமட்டல், இரத்த அழுத்தக் குறைவு, கட்டுப்பாடற்ற அசைவுகள் தோன்றலாம். மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.

பிடிப்பு எந்த நேரத்தில் வருகிறது?

பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஒரு முதியவருக்குக் கால் பிடிப்பிற்காகப் பல மாதங்கள் கால்சியம் மாத்திரை எழுதித் தந்தேன். பயனில்லை. ஒரு நாள் அவருடைய மனைவி தற்செயலாக, பிடிப்பு விடியற்காலையில் மட்டுமே வருவதாகவும், காலை மாத்திரை உட்கொண்ட சிறிது நேரத்தில் விரல்கள் தாமாக விரிவதாகவும் கூறினார். அதற்கு முன் நான் நேரத்தைக் கேட்கவே இல்லை. இரவு மருந்தின் வலு விடியலுக்குள் தீர்ந்துவிடுவதால் வரும் தசை முறுக்கம் அது; டிஸ்டோனியா எனப்படுவது. நரம்பியல் மருத்துவரின் ஆலோசனைப்படி மருந்தின் நேரம் மாற்றப்பட்டதும் அவர் காலையில் தாமே எழுந்து நடந்தார். அம்மாதங்களில் அவர் பட்ட துன்பத்திற்கு என் கவனக்குறைவே காரணம்.

ஆகவே ஒரு குறிப்பேட்டில், மாத்திரை உட்கொண்ட நேரத்தையும் பிடிப்பு வந்த நேரத்தையும் ஒரு வார காலம் எழுதி, மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன் வரும் பிடிப்பு, மருந்து தீர்வதைக் காட்டுகிறது. மாத்திரை உட்கொண்டு ஒன்று இரண்டு மணி நேரத்தில் வரும் முறுக்கமும் அசைவும், மருந்து மிகுவதைக் காட்டலாம். இரண்டிற்கும் சிகிச்சை நேர்மாறானது. பிடிப்பிற்கு மாத்திரையே காரணம் என எண்ணி நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் உடல் முழுதும் இறுகிக் கடும் காய்ச்சலுடன் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

லெவோடோபா மாத்திரையை உணவிற்கு அரை மணி நேரம் முன்போ, உணவிற்குப் பின் ஒரு மணி நேரம் கழித்தோ உட்கொள்வது நன்று. பால், முட்டை, மீன், பருப்பு முதலிய புரத உணவுகள் அதனுடன் சேர்ந்தால் மருந்து குறைவாகவே ஏறும். கடலோரத்தில் வாழும் நமக்கு மீனை நிறுத்தச் சொல்வது இயலாத காரியம். நிறுத்தவும் வேண்டியதில்லை, இடைவெளி விட்டால் போதும். இரும்புச்சத்து மாத்திரையையும் தனி நேரத்தில் உட்கொள்ளுங்கள். வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடும், தலைசுற்றலுக்குத் தரப்படும் சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவையும் இந்நோயின் இறுக்கத்தை அதிகமாக்கும். எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், எந்த மருந்துக் கடையில் நின்றாலும், பார்க்கின்சன் நோய் இருப்பதை முதலில் சொல்லுங்கள்.

இரவில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால்

பதறி எழுந்து நிற்க வேண்டாம். இந்நோயில் எழும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்து விழ நேரிடும். படுத்த நிலையிலேயே முழங்காலை நீட்டி வைத்து, பராமரிப்பாளர் ஒரு கையால் குதிகாலைத் தாங்கி, மற்றொரு கையால் பாதத்தின் முன்பகுதியை முழங்கால் பக்கமாக மெல்லத் தள்ளி, அரை நிமிடம் வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். வெடுக்கென இழுக்கக் கூடாது. தனியாக இருப்பவர் ஒரு துண்டைப் பாதத்தில் சுற்றி இரு முனைகளையும் தம் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். பிடிப்பு தளர்ந்ததும் சதையை மெதுவாகத் தடவிக் கொடுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றடம் இடலாம். நீரிழிவு உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். துணியின் சூட்டை முதலில் உங்கள் முன்கையில் வைத்துப் பாருங்கள்.

உறங்கும் முன் சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்சாய்ந்து நிற்பது கெண்டைக்காலை நீட்டும். தடுமாற்றம் உள்ளவர் இதனை ஒருவர் உடனிருக்க, அசையாத நாற்காலியைப் பிடித்துச் செய்யட்டும். இயலாதவர் அமர்ந்தே பாதத்தை மேலும் கீழும் அசைக்கலாம். பகலில் நடப்பதே இறுக்கத்திற்கு நல்ல மருந்து. ஒரே இடத்தில் நெடுநேரம் அமர்ந்திருக்க வேண்டாம். சிகிச்சைக்காகப் புதுச்சேரிக்குப் பேருந்தில் செல்பவர்களும், பேருந்து நிற்கும் இடங்களில் துணையுடன் இறங்கிச் சில அடிகள் நடந்து ஏறுங்கள்.

கத்திரி வெயிலில் வியர்வை மிகும்போது நீர் குறைந்தால் பிடிப்பு கூடும். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ நீர் அளவைக் கட்டுப்படுத்தும்படி சொல்லப்படாதவர்கள் போதிய நீரும் நீர்மோரும் பருகுக. சிறுநீரை மிகுவிக்கும் மாத்திரைகளும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகளும் சிலருக்குப் பிடிப்பை உண்டாக்கும். அவற்றை நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள். கடையில் கேட்டு வாங்கும் தசைத் தளர்வு மாத்திரைகள் மயக்கத்தையும் விழுதலையும் தருவதால் இந்நோயாளிகளுக்கு ஏற்றவை அல்ல. மருந்து மாற்றத்திற்கும் கட்டுப்படாத பாத முறுக்கத்திற்குத் தசையில் போட்டுலினம் ஊசி செலுத்தும் சிகிச்சை உண்டு. அதனை நரம்பியல் மருத்துவர் முடிவு செய்வார்.

உடனே வரவேண்டிய நிலைகள்

ஒரு காலின் கெண்டைப்பகுதி மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். அக்காலைத் தேய்க்காமலும் நடக்க வைக்காமலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். கடும் இறுக்கத்துடன் காய்ச்சலோ குழப்பமோ தோன்றினாலும், சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறினாலும், விழுந்த பின் காலை ஊன்ற முடியாவிட்டாலும், மாத்திரையை விழுங்க முடியாமல் இரண்டு வேளை தவறிவிட்டாலும் காலம் தாழ்த்தாதீர்கள். வரும்போது நோயாளி உட்கொள்ளும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நேரம் எழுதிய குறிப்பேட்டையும் கையோடு கொண்டு வாருங்கள்.